இரட்டைக்கிளவி

பட்டறையில் சேர்ந்த புதிதில்
காதாலேயே வண்டிகளைப் பிரித்துவிடுவேன்.
லொடலொட என்றால் சைலன்சர்.
கிறீச் கிறீச் என்றால் பிரேக்.
எல்லாம் சேர்ந்து கடகடவென்று ஆடினால்
நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம்,
கொரியாவின் சின்ன வண்டிதான்.

டுலூத்தில் பனிக்கு உப்புத் தூவுவார்கள்.
அந்த உப்பில் இரண்டு குளிர்காலம் தாங்காது
அதன் அடித்தகடு.
ஒருநாள் கதவைத் திறந்தேன்,
கைப்பிடி மட்டும் என்னோடு வந்தது.
"வண்டி விலையைவிட
இழுத்து வந்த கூலி அதிகம்" என்பான் ஹார்லன்.
சிரிப்போம்.
பத்து வருட உத்தரவாதம் என்று அவர்கள் அறிவித்த அன்று
கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

எந்த வருடம் சிரிப்பு நின்றது?
சொல்லத் தெரியவில்லை.
நடுவில் சில என்ஜின்கள் எண்ணெய் குடித்தன,
வாரத்துக்கு மூன்றை இறக்கி மாற்றினேன்,
அதையும் மறைக்கக் கூடாது.
ஆனால் ஒவ்வொரு முறையும்
பழுதான பாகத்தைப் பெட்டியில் வைத்து
கடல் தாண்டி அனுப்பச் சொன்னார்கள்.
என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதுவேன்.
அடுத்த வருட வண்டியில் அது இருக்காது.
என் கோணல் கையெழுத்தை
அங்கே யாரோ உட்கார்ந்து படிக்கிறார்கள்.

இப்போது வருபவை
கறுத்து நீண்ட, தோல் மணக்கும் வண்டிகள்.
கதவைச் சாத்தினால்
கனத்த புத்தகம் ஒன்றை மூடுவது போலிருக்கும்.
எண்ணெய் மாற்றிக்கொள்ள வரும், போகும்.
என் காதுக்கு வேலையில்லை.

போன பிப்ரவரியில் வெய்னோ லெஹ்டினென் வந்தார்.
நாற்பது வருடம்
தாதுக் கப்பல்களின் என்ஜின் அறையில் கிடந்தவர்.
"உள்ளே டிக் டிக் என்கிறது" என்றார்.
"இவ்வளவு பணம் கொடுத்தது கடிகாரத்துக்கு இல்லை."

டாஷ்போர்டைக் கழற்றினேன்.
இருக்கைகளை எடுத்தேன், கூரைத் துணியை உரித்தேன்.
தனியே ஓட்டினால் ஒன்றுமில்லை.
அவர் ஏறி உட்கார்ந்தால் டிக் டிக்.
"பேய்" என்றான் ஹார்லன்.

கம்பெனி ஒருவரை அனுப்பியது.
பியோன் சுக்-யோங், ஒல்லியான மனிதர்,
பெட்டி நிறைய ஒலிவாங்கிகள்.
ஓடும் வண்டியின் பின் இருக்கையில்
கண்மூடிப் படுத்துச் சத்தம் தேடுவது
ஊரில் அவர் உத்தியோகம்.
நகத்தளவு கம்பளித் துண்டை எங்கே ஒட்டுவதென்று
மூன்று மாதம் அலைந்தாராம் ஒருமுறை.
அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டார்.

மூவரும் ஏரிக்கரைச் சாலையில் போனோம்.
எழுபது மைல் வேகம்.
வெளியே காற்று பனியைச் சுருட்டியடித்தது,
அது ஊமைப்படம்.
உள்ளே டிக் டிக்.
பியோன் ஒலிவாங்கியைக் கதவில் வைத்தார்,
தரையில் வைத்தார்,
தலையை ஆட்டினார்.

அப்போதுதான் அந்த மான்.

லெஹ்டினென் பிரேக்கை மிதித்தார்.
ஒரு முனகல்கூட இல்லாமல் வண்டி நின்றது.
மான் எங்களைப் பார்த்தது, போயிற்று.
வண்டி அசையவில்லை, எதுவும் ஓடவில்லை,
ஆனால்
டிக்டிக்டிக்டிக்டிக்.

பியோனின் கை
மன்னிப்புக் கேட்பது போல மெல்ல நீண்டு
கிழவரின் கோட்டுப் பொத்தானருகே நின்றது.
லெஹ்டினென் குனிந்து
தன் நெஞ்சையே பார்த்தார்.

"வால்வு" என்றார்.
"பதினோரு வருடம் ஆகிறது வைத்து.
கேட்கும் என்று டாக்டர் சொன்னார்.
என் பழைய லாரியில் எங்கே கேட்டது?"

பியோன் படிவத்தை எடுத்தார்.
பழுது என்ற கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
மூடி சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

யாரும் கிளம்பச் சொல்லவில்லை.
கண்ணாடியில் பனி விழுந்துகொண்டிருந்தது.
சத்தம் மெல்லத் தணிந்தது, இடைவெளி நீண்டது.
ஒரு டிக்.
தனியாக அதற்கு அர்த்தமில்லை.
அடுத்ததற்காக
மூன்று பேரும் காத்திருந்தோம்.