தட்டிப் பார்த்தல்

முதலில் வந்தது சுத்தியல்.
ஏப்ரலில் ஒரு பொறியாளர் கயிற்றில் தொங்கியபடி
பால்கனி பால்கனியாகத் தட்டிக்கொண்டே இறங்கினார்.
திடமான இடத்தில் டங்.
தண்ணீர் புகுந்து கம்பி துருவேறிய இடத்தில்
நனைந்த அட்டைப்பெட்டியின் சத்தம்.
எங்கள் பால்கனியில் வெகுநேரம்
அட்டைப்பெட்டிதான் கேட்டது.

ஜூனில் கடிதம்.
முப்பத்தெட்டாயிரத்து நானூறு டாலர்.
இது எங்கள் ஒரு வீட்டின் பங்கு.

கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்குமாம் தெய்வம்.
எங்கள் கூரை
தானே பிய்ந்துகொண்டு கேட்கிறது.

கொதிகலன் அறையில் சங்கக் கூட்டம்.
மடக்கு நாற்காலிகள், ஆறிய காபி.
"நாற்பது வருஷமாய் நிற்பது இனிமேலா விழும்?"
என்று எழுந்தார் டெல்பர்ட்.
பத்து வருஷம் பொருளாளராக இருந்து
மாதச் சந்தா ஒரு டாலர்கூட ஏறாமல்
பார்த்துக்கொண்டவர்.
ஒவ்வொரு ஜனவரியும் அவருக்குக் கைதட்டினோம்.
நானும்தான் தட்டினேன்.

மூன்றாம் மாடி கெய்லா வோஸ்
கையை உயர்த்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை.
மடியில் தூங்கும் பையனின் ஷூ நாடாவை
முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், போட்டாள்.
இருபத்தாறுக்குப் பதினொன்று.
தீர்மானம் நிறைவேறியது.

செப்டம்பர் முப்பதுக்குள் சொல்ல வேண்டும்:
மொத்தமாகவா, தவணையா?

மின்கட்டண உறையின் முதுகில்
ஆர்விட் கணக்குப் போட்டான்.
தாதுக் கப்பல்களின் எஞ்சின் அறையில்
முப்பது வருஷம் அழுத்தமானி பார்த்த கண்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கண்ணாடியைத் தேடியது.

ஓய்வூதியக் கணக்கை உடைத்தால்
வரிக்கும் சேர்த்து நாற்பத்தெட்டாயிரம் எடுக்க வேண்டும்.
வீட்டை விற்றால்
கடிதத்தையும் காட்டித்தான் விற்க வேண்டும்.
படகை விற்றால் ஒன்பதாயிரம்,
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
மகனிடம் கேட்கலாம் என்றேன்.
பேனாவை மூடினான். பிறகு திறந்தான்.
அந்த வரியை மட்டும் எழுதவில்லை.

தவணை என்றால் சங்கம் வாங்கும் வங்கிக்கடன்.
மாதம் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.
பன்னிரண்டு வருஷம்.
வட்டி மட்டுமே பதினெட்டாயிரத்துச் சொச்சம்.
"இது கொள்ளை" என்றேன்.
"ஆமாம்" என்றான்.

பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு எண்பது.
அவனுக்கு எண்பத்து மூன்று.
யாரும் வாயால் கூட்டவில்லை அந்தக் கணக்கை.
குளிர்பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் இப்படிப் போனது.
சூப் கிண்ணத்தைத் தட்டுவான். சுவரைத் தட்டுவான்.
போன வருஷம் மாற்றிய முழங்காலைத் தட்டி
"டங்" என்று அவனே சொல்லிக்கொள்வான்.

இருபத்தெட்டாம் தேதி ராத்திரி,
விளக்கை அணைத்த பிறகு சொன்னான்:
"டாக்டர் அஞ்சு வருஷம்தான் பேசுறார்.
இன்ஷூரன்ஸ்காரன் ஒவ்வொரு வருஷமாப் பேசுறான்.
எண்பத்து மூணு வரைக்கும் நான் இருப்பேன்னு
எழுத்துல குடுக்கிறது இந்த பேங்க் ஒண்ணுதான்.
அதுக்குப் பதினெட்டாயிரம் அதிகமா, சொல்லு."

சிரித்தேன். பிறகு தூக்கம் வரவில்லை.
அது வேடிக்கையா, பயமா,
இல்லை கையிருப்பை எனக்கென்று விட்டுவைக்கும் தந்திரமா
என்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

காலையில் கையெழுத்துப் போட்டோம்.
மின்தூக்கியில் கெய்லா. கையில் அதே படிவம்.
அவளும் தவணைக் கட்டத்தில்தான்
குறி போட்டிருந்தாள்.
முப்பத்தொரு வயது.
அவளுக்குப் பன்னிரண்டு வருஷம்
வெறும் பன்னிரண்டு வருஷம்.

இப்போது சாரம் கட்டிப் பச்சை வலை போட்டுவிட்டார்கள்.
இரண்டு கோடைக்கு ஏரி தெரியாது.
எந்தக் கப்பல் டுலூத்துக்குள் நுழைகிறது,
பாலம் யாருக்காக ஏறுகிறது,
எதுவும் தெரியாது.
ஊதல் மட்டும் வருகிறது,
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு.
ஆர்விட் மேஜையில் விரலால் தட்டிப் பதில் சொல்கிறான்.

வெளியே யாரோ
கெட்டுப்போன கான்கிரீட்டை
பெயர்த்துப் போடுகிறார்கள்.
இந்த மாதத்தது கட்டியாயிற்று.
நூற்று நாற்பத்து மூன்று பாக்கி.