ஏழாம் தடமும் எட்டாம் தடமும்

விவாகரத்தில் எனக்கு ரிவால்வர்,
டெல்மருக்குப் பிஸ்டல்.
நாயை அவன் தங்கை கொண்டுபோனாள்.
லீக் கட்டணம் மட்டும் டிசம்பர் வரை
இரண்டு பேர் பெயரிலும் கட்டியாகிவிட்டது.
மொன்டானாவில் எனக்குத் தெரிந்த யாரும்
கட்டிய பணத்தை விட்டதில்லை.

ஆகவே வியாழக்கிழமை, ஆறரை மணி,
பியூட் நகரம், சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் நிலவறை.
ஏழாம் தடம் அவனுக்கு. எட்டு எனக்கு.
நடுவே ஒரு பிளைவுட் பலகை.

என்னுடையது இஸ்திரிப்பெட்டி கனம்.
உருளையைத் திறந்தால் ஆறு வட்டக் கண்,
காலியா நிரம்பியதா
கேட்கவே வேண்டாம், முகத்திலேயே தெரியும்.
விசையோ நீண்ட இழுவை,
ஈரத்தில் ஊதிப்போன மர இழுப்பறை மாதிரி.
கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்குச் சாய்த்தாலோ
நினைத்த மாத்திரத்தில் வெடிக்கும்.

அவனுடையதில் பதினைந்து.
உதைப்பில் பாதியைத் தானே விழுங்கிக்கொள்ளும்.
பத்து நொடியில் ஐந்து குண்டு என்றால்
நான் மூன்றாவதற்கு மணிக்கட்டை இறக்குவதற்குள்
அவன் முடித்துவிட்டுச் சளைக்காமல் நிற்பான்.
விலையும் மலிவு.
ஆனால் சிக்கிக்கொள்ளும்;
தட்டுவான், இழுப்பான், திட்டுவான், மறுபடி சுடுவான்.
என்னுடையது சிக்காது.
சிக்கினால் ஆறு வாரம் மெக்கானிக்கிடம் கிடக்கும்.
அதற்கு வருவது சளி,
இதற்கு வந்தால் மாரடைப்பு.

சுட்ட கூடுகளைச் சுடச்சுட
வலப்பக்கம் எறியும் அவன் பிஸ்டல்.
வலப்பக்கம் என்றால் நான்.
பலகையைத் தாண்டி ஒன்று
என் சட்டைக் காலருக்குள் இறங்கிய நாளில்
அவன் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.
என்னுடையது ஆறையும் வயிற்றிலேயே வைத்திருக்கும்,
நானாகத் திறந்து கவிழ்க்கும்வரை.
"உன்னைப்போலவே," என்றான் ஒருமுறை.
நான் கவிழ்த்தேன்.
அது வேறு கதை.

நவம்பரில் கட்டைவிரலில் கட்டோடு வந்தான்.
பனியில் உறைந்த சங்கிலி கடித்ததாம்.
மேகஸினுக்குள் குண்டை அழுத்த முடியவில்லை.
வாய் திறந்து கேட்கவில்லை,
பலகைக்கு மேலாக நீட்டினான்.
பன்னிரண்டு வரை சுலபம்;
கடைசி மூன்றுக்கு ஸ்பிரிங் வம்பு செய்தது.
அடைத்து முடித்ததும், ஏனோ,
"இன்றைக்கு மாற்றிக்கொள்வோமா?" என்றேன்.
தளப் பொறுப்பாளர் அயோன் ட்ரெவெனா
கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தாள்.
தலையசைத்தாள்.

ஆறு அறையில் ஐந்து மட்டும் நிரப்பினேன்.
எது காலி என்று அவனுக்குத் தெரியாது.
உருளையைச் சுற்றிவிட்டு மூடியதால்
எனக்கும் தெரியாது.

ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவதில், க்ளிக்.

வெடியில்லை, புகையில்லை, உதைப்பில்லை;
ஆனாலும் குழல்
இரண்டு அங்குலம் கீழே குனிந்தது,
அடி விழப்போகிறதென்று
முன்கூட்டியே தலையைக் குனிக்கும் பிள்ளையைப்போல.

எத்தனை வருஷமாக அவன் குண்டுகள்
கீழே, இடப்பக்கம் விழுந்தன!
குறிமுனை கோணல் என்று
என் சமையலறை மேசையில் வைத்து அரம் போட்டான்.
இரும்புத்தூள் மாவு டப்பாவரை போனது.

"இது எப்போதிருந்து?" என்றான்.
என்னிடமா, கையிடமா, தெரியவில்லை.
காதில் மஃப் இருந்தது எனக்கு.
கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

பிறகு அவன் பிஸ்டலில் பதினைந்தையும் சுட்டேன்.
ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம், அத்தனை நெருக்கம்.
அவ்வளவு நன்றாக விழுந்ததில்
எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

தோற்றவன் பாஸ்டி வாங்க வேண்டும்.
வாங்கினான். குழம்பு தனியாக.
இறைச்சியைவிட உருளைக்கிழங்கு அதிகம் என்று
இருவரும் ஒத்துக்கொண்டோம்.
குனிந்து பித்தளையைப் பொறுக்கியபோது
பதினான்குதான் கிடைத்திருந்தது.
பதினைந்தாவதை இருவரும் தேடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை
வாஷிங் மெஷினில் ஏதோ கடகடத்தது.
நிறுத்தவில்லை.
துவைத்து முடியட்டும்.