ஒட்டுறவு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்
நான் டியூட்டிக்கு லேட்.
இது ஒட்டுறவு.
நான் அவசரப்படுகிற நாளாகப் பார்த்து
கேட் மூடுகிறது என்பது
வெறும் ஆத்திரம்.

அஞ்சல் வழியில் படித்தது. புள்ளியியல், இரண்டாம் தாள்.
எர்ணாவூர் மருந்தகத்தில், இரவு டியூட்டியில்,
நெபுலைசர் இரைச்சலுக்கு நடுவே
சாய்வும் வெட்டுத்துண்டும் மனப்பாடம் செய்தேன்.
ஒட்டுமில்லை உறவுமில்லை என்று
சொத்துத் தகராறில் எறிகிற இரண்டு சொற்களைப்
பாடநூல்காரர்
ஒன்றாக ஒட்டிப் பெயராக்கியிருந்தார்.
மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்று வரைதான்
அதற்குப் புழங்க இடம்.
எங்கள் வீட்டைப் போல.

காசிமேட்டில் ஐஸ் கம்பெனிக் கணக்கு எழுதும் செல்வமேரி
மாதாமாதம் விற்ற பார் எண்ணிக்கை தந்தாள்.
விளையாட்டாய் வரைந்தேன்:
கிடையில் ஐஸ், நெடுக்கில் மூச்சிரைப்பு.
புள்ளி ஆறு எட்டு.
ஐஸ் ஏற ஏறப் பிள்ளைகளுக்கு இரைக்கிறது.
தடைக்காலத்தில் படகு கரையில் கிடந்தால்
ஐஸும் இறங்குகிறது, இரைப்பும் இறங்குகிறது.
"அப்போ என் ஐஸா புள்ளைங்க நெஞ்ச அடைக்குது?"
இடுப்பில் கை வைத்தாள்.
இல்லை மேரி.
உன் ஐஸும் என் நெபுலைசரும்
ஒன்றையொன்று பார்த்ததுகூட இல்லை.
இரண்டுக்கும் பின்னால் காலண்டர் தொங்குகிறது,
காலண்டருக்குப் பின்னால் காற்று.

ஐஸை அழித்துவிட்டுக்
கிடையில் காற்றை எழுதினேன்:
வாரத்தில் எத்தனை நாள் வடக்கு.
கொடியில் என் வெள்ளைக் கோட்
எந்தப் பக்கம் படபடக்கிறதோ
அதற்கு எதிர்ப்பக்கம்.
நூற்றுநான்கு வாரம், நூற்றுநான்கு புள்ளி.
பாயில் கொட்டிய நெத்திலிபோல் சிதறி
ஆனாலும் ஒருபக்கம் சாய்ந்து.

நடுவே ஒரு கோடு.
எண்ணூர் பஸ் மாதிரி அது.
யார் வீட்டு வாசலிலும் நிற்காது,
யாருக்கும் ரொம்பத் தொலைவும் இல்லை.
விலகிய தூரங்களை வர்க்கமாக்கிக் கூட்டினால்
இதைவிடக் குறைவாக
வேறெந்தக் கோட்டுக்கும் வராது.
(வர்க்கம்: எங்கள் பக்கம் இந்தச் சொல்
கொடிக்கம்பத்தோடுதான் வரும்.)

வெட்டுத்துண்டு மூன்று. சாய்வு ஐந்து.
வடக்கு ஒரு நாள் கூடினால்
மாஸ்க்குக்கு ஐந்து முகம் கூடும்.

கருத்துக்கேட்புக் கூட்டம். கல்யாண மண்டபம்.
நேற்றைய ரிசப்ஷன் பூ இன்னும் தூணில்.
தாளை நீட்டினேன்.
கம்பெனிக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து
"மேடம், ஒட்டுறவு வேற, காரணம் வேற" என்றார்.
சரிதான் சார்.
அதே வாக்கியத்தைப் பரீட்சையில் எழுதி
ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறேன்.
அந்த வாக்கியத்துக்குப் பயந்துதான் ஐஸை அழித்தேன்.
காற்றை அழித்துவிட்டு
நீங்கள் எதை எழுதுவீர்கள்?
இதை நான் சொல்லவில்லை.
அதற்குள் மைக்
அடுத்தவர் கைக்குப் போயிருந்தது.

கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் மிஞ்சுவது
எச்சம்.
அகராதியில் அதற்குப் பிள்ளை என்றும் பொருள் உண்டு.

போன வாரம் வடக்கு ஒரு நாளும் இல்லை.
கோடு மூன்று என்றது.
நான்கு வந்தது.
நான்காவது, தேசராணியின் மகன் லோகித்.
விலா உள்வாங்கி, உதடு காய்ந்து,
ராத்திரி பதினொன்றரைக்கு.
கோட் கொடியில் அசையாமல் தொங்கியது.
காற்றின்மேல் பழிபோட வழியில்லை.

"வீட்டுக்குப் பின்னால என்னடா?"
"டிரெய்லருங்க ஆன்ட்டி. ஹார்பர் கேட்டு வரைக்கும் லைன்.
இன்ஜினு அணைக்கவே மாட்டாங்க."

நோட்டைத் திருப்பிப் புதுப் பத்திக்கு
ஸ்கேல் வைத்தேன்.
தினமும் ஏழு மணிக்கு எண்ணிச் சொல்வாயா என்றேன்.
மாஸ்க்குக்குள் புகை வளைய
மூன்று மூச்சு இழுத்துவிட்டுக் கேட்டான்:
"ஒண்ணு பிரேக்டவுன் ஆகி நாலு நாளா நிக்குது.
அதையும் சேக்கணுமா?"