தேய்மானம் போக

சாயப்பட்டறை மூடிய வெள்ளிக்கிழமை
மூன்று மாதச் சம்பள பாக்கிக்கு
முதலாளி என் கையில் கொடுத்தது
அவர் மகனுடைய கேம் கன்சோல்.
"நாப்பத்தெட்டாயிரம் அம்மிணி, வாங்குனப்ப" என்றார்,
பத்து வருசமாய் அவருக்குத்
தேய்மானம் போட்டுக் கொடுத்தவளிடம்.

வீரபாண்டிப் பிரிவில் பஸ் ஏறி
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
சுடுசோற்றுத் தூக்கென்று நினைத்தாளோ என்னவோ
பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

எனக்கு வேண்டியது ஒரு கம்ப்யூட்டர்.
பதினோரு பவர்டேபிள் யூனிட்டுக்கு
வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி போட்டுத் தர
பெரிய மூளை எதற்கு?
மாதம் இருபதாம் தேதி
மயங்கி விழாமல் இருந்தால் போதும்.

இதற்குள்ளும் மூளைதானே இருக்கிறது என்றேன்.
காங்கயம் ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் பூபதிராஜ்
சிரிக்கவில்லை. அதுவே ஆறுதல்.
"எட்டு கோருங்க அக்கா.
ஆனா சாவி வேற ஊட்ல இருக்குது.
கம்பெனிக்காரன் சொன்னாத்தான் கதவு தெறக்கும்."

பழைய பதிப்பாய் இருந்தால்
பூட்டை ஏமாற்றலாமாம்.
போன தீபாவளிக்குக்கூட
அப்டேட் போட்டிருக்கிறான் பையன்.
பட்டறையில் போனஸ் போடாத தீபாவளி.

பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி
இரண்டு ஞாயிறு தட்டிப் பார்த்தோம்.
ஆயிரத்து இருநூறு அடியில்
புழுதி மட்டும் கண்ட போர்வெல்காரர் முகத்தோடு
ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

சரி, அடுக்கிக் கட்டுவோம்.
கோயமுத்தூர் ஆபீஸ் ஒன்று கழித்துவிட்ட
போர்டும் பிராசசரும் ஐயாயிரத்து ஐநூறு.
ராமுக்குக் காசு அப்புறம் என்றார்.
எஸ்எம்பிஎஸ் மட்டும் புதுசு,
"இதுல மிச்சம் புடிச்சா ஊடே எரியும்" என்று
ரசீதில் அவரே அடிக்கோடு போட்டார்.
கேபினெட்டுக்குப் பதில்
கட்டிங் டேபிளில் மிஞ்சிய பிளைவுட்,
அதற்குக் கால்களாய் நாலு காலி நூல் கோன்.
இந்த ஊர்க் காற்றில் பாதி பஞ்சு;
ஃபேன் மூச்சுத் திணறாமலிருக்க
ஏதோ ஜெர்சி ஆர்டரில்
ரிஜெக்ட் ஆன மெஷ் துணி.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பணம் இல்லை.
பூபதிராஜ் கன்சோலைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
மூடியை நகர்த்தினால் ஒரே ஒரு ஸ்க்ரூ.
வாசலை அவ்வளவு பூட்டியவர்கள்
புறக்கடையைச் சும்மா சாத்தி வைத்திருக்கிறார்கள்.

கழற்றுமுன் ஒருதரம் டிவியில் போட்டேன்.
ஏதோ மலையடிவாரம்.
ஈட்டியோடு ஒருவன்
மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான்.
அங்கே மழை.
எழுபத்து மூன்று சதவீதம் முடிந்தது.
கடைசியாய்ச் சேமித்த தேதி எனக்குத் தெரிந்ததுதான்:
பேங்க்காரர்கள் சீல் வைத்ததற்கு
முந்தின ராத்திரி.

அவனை அழித்தால்தான் என் கணக்கு ஏறும்.

லினக்ஸ் இருந்த அதே பென்டிரைவ் கிடந்தது.
ஈட்டிக்காரனையும் மழையையும்
அதில் எடுத்து வைக்க
நாலு நிமிடம்கூட ஆகவில்லை.
பிறகு கழற்றினோம்.
பிறகு ஃபார்மட்.

சம்பள பாக்கி ஐம்பத்து நாலாயிரம்.
கழிக்க, டிஸ்க் ஆயிரத்து இருநூறு.
கன்சோல் கூட்டை ராமுக்கு ஈடாய்
பூபதிராஜ் எடுத்துக்கொண்டார், அது தொள்ளாயிரம்.
மீதியை வராக்கடன் என்று எழுத
இன்னும் கை வரவில்லை.

இன்று இருபதாம் தேதி.
ஒன்பது யூனிட் முடித்துவிட்டேன்.
கோன் கால்களில் நின்றுகொண்டு
லேசாகச் சுடுகிறது, அவ்வளவுதான்.

பென்டிரைவ் இழுப்பறையில்,
ரசீதுக் கட்டுக்கு அடியில்.
பையன் வந்து கேட்டால் கொடுத்துவிடுவேன்.
அப்பன் வந்தால்
முதலில் பாக்கியைக் கேட்பேன்.