நவம்பர் வெள்ளை

நாலு வாரமாக வண்டியை எடுக்கவில்லை.
முன்னால் பொருத்திய இரும்புத் தகட்டின் மடிப்பில்
கோழி ஒன்று முட்டையிடத் தொடங்கிவிட்டது.
பியாவோவியெஜா காட்டை அறுத்துப் போகும்
பதினேழு கிலோமீட்டர் சாலைக்கு
நான்தான் பனி தள்ளுபவன், ஒனூப்ரி.
தள்ளிய தூரத்துக்குத்தான் கூலி.
பனி விழாத தூரத்தை
ஊராட்சி அளப்பதில்லை.

ஆகவே ஹல்ஷ்காவின் கேமராக்களுக்கு
பேட்டரி மாற்றப் போகிறேன்,
மரம் ஒன்றுக்கு எட்டு ஸ்வோட்டி.
காட்டெருமையின் பிட்டம், பன்றிக் கூட்டம்,
ஒருமுறை லின்க்ஸின் காது மட்டும்.
அவளுக்கு இவை எதுவும் வேண்டாம்.
வசித்ஸா வேண்டும்.
கீரியைப் பிடித்து இழுத்து
நூலாக்கியது போல ஒன்று அது.
எலியை அதன் வளைக்குள்ளேயே துரத்திக் கொன்று
எலியின் மயிரையே மெத்தையாக்கித் தூங்கும்.
எடை, என் வீட்டுச் சாவிக்கொத்து.

இந்தக் காட்டில் அவை இரண்டு விதம்.
ஒன்று வருஷம் முழுக்கப் பழுப்பு.
மற்றது நவம்பரில் வெளுக்கும்,
மூக்கிலிருந்து வால் நுனிவரை.
பனியைப் பார்த்தா, என்று கேட்டேன்.
இல்லையாம். பகல் குறுகுவதைப் பார்த்து.
கண் வெளிச்சத்தை எண்ணி
மயிருக்குச் சேதி அனுப்புகிறதாம்.
பகல் இதுவரை சொன்ன சொல் தவறியதில்லை.
பனிதான்.

நேற்று, ஏழாம் கேமராவுக்குக் கீழே,
நனைந்த சருகின் மேல் பார்த்தேன் அவளை.
ஊரே கறுப்புடுத்தி நிற்கும் சாவு வீட்டுக்குள்
கல்யாண உடுப்போடு வந்துவிட்டவள் போல.
யாரும் அவளிடம் சொல்லவில்லை.

என்னைக் கண்டதும் அசையாமல் நின்றாள்.
அவள் அம்மா நின்று பிழைத்த நிற்றல்,
அம்மாவின் அம்மாவும்.
வேலிக்கம்பத்தில் பருந்து
கழுத்தை மட்டும் திருப்பியது.
நான் உடுத்தியிருந்தது ஆரஞ்சுச் சட்டை:
சாலை வேலைக்காரன் எல்லார் கண்ணிலும் படவேண்டும்,
சட்டம் அப்படி.
இரண்டு பேரும் நின்றோம்,
ஒருவருக்கொருவர் மிக நன்றாகத் தெரிந்துகொண்டு.

நான் பருந்துக்கும் அவளுக்கும் நடுவே நகர்ந்தேன்.
விழுந்த மரத்துக்கடியில் அவள் ஒழுகிப் போகும்வரை
குளிர் இல்லாத அந்தக் காற்றில் நின்றேன்.

ஹல்ஷ்கா திட்டினாள்.
எண்ண வந்தவன் தலையிடக் கூடாதாம்.
பிறகு நோட்டில் எழுதினாள்: ஒன்று, வெள்ளை, உயிருடன்.
அதற்கு மேல் வரிசையாகப் பழுப்பு, பழுப்பு, பழுப்பு.

"மாறிக்கொள்ளும் இல்லையா, நாளடைவில்?"
பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்:
"அவள் மாறமாட்டாள், ஒனூப்ரி. அவள் போவாள்.
பழுப்பின் குட்டிகள் மிஞ்சும்.
இத்தனை போனதற்கும் சேர்த்து
நாங்கள் வைத்திருக்கிற பெயர்தான் மாற்றம்."
தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்தாள்.

ஊராட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
தகட்டை ஏலம் விடப் போகிறார்கள்.
கோடையில் காட்டுத்தீக்குத் தண்ணீர் லாரி ஓட்ட
ஆள் வேண்டும், பயிற்சி பதினைந்து நாள்.
எழுதிக் கொடுத்துவிட்டேன்.
எனக்குத் தோல் உரிக்க வேண்டாம்,
செத்துப் பிறக்க வேண்டாம்.
ஐம்பத்திரண்டு வயதில்
ஒரு கையெழுத்து போதும்.

ஆனாலும் இந்த நவம்பரில்,
முதல் வாரத்தில் ஒரு நாள்,
கை தானாக கிரீஸ் டப்பாவைத் தேடிப் போனது.
கோழியைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.
அது என்னை ஏசிக்கொண்டே இருந்தது.
தகட்டின் கீல்களுக்கெல்லாம் பூசினேன்,
ஒன்று விடாமல், நன்றாக,
பனி வரப்போகிறது என்பது போல.
யாரும் சொல்லவில்லை எனக்கு.
மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது.