வெட்டில்லாத மாசி

ரப்பர் இலை உதிரும் மாசத்தில்தான்
எங்களுக்குக் கல்யாணம் வைத்தார்கள்.
மரத்தில் வெட்டு கிடையாது,
மாப்பிள்ளை யாரிடமும் லீவு கேட்க வேண்டாம்.
இது பதினோராவது மாசி.

பிள்ளைகள் ரெண்டும் சுருளோட்டில், மைனி வீட்டில்.
"போங்க. விளிச்சு விளிச்சு எங்க சீவன வாங்காதீங்க"
என்று பையை வாங்கிக்கொண்டாள்.
சின்னவன் பிடித்துத் தொங்குவான் என்று
முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தேன்.
அவன் ஆட்டுக்குட்டியைப் பார்க்க
எப்போதோ ஓடிப்போயிருந்தான்.

குலசேகரம், தக்கலை, திங்கள்நகர்.
மூன்று பஸ் மாறி முட்டம்.
லாட்ஜ் நோட்டில் பேர் எழுதினார்: றசல்ராஜ், புஷ்பலீலா.
'வந்த காரணம்' என்றொரு கட்டம்.
பேனாவை அதன்மேல் ரொம்ப நேரம் பிடித்திருந்துவிட்டு
'சொந்த வேலை' என்று எழுதினார்.
மேனேஜர் சிரிக்கவில்லை. நான்தான்
மாடிப்படி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஏறினேன்.

பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் பத்து ரூபாய் ஃபைன்.
சட்டம் போட்டது நான்.
மத்தியானம் வறுத்த அயலையில் முள் எடுத்து
சதையை மட்டும் எதிர்ப்பக்கம் தள்ளி வைத்தார்,
அஜிஷா இருந்து தின்கிற பக்கம்.
"நான் ஒண்ணும் பேசல்லியே."
கை பேசிற்று என்றேன். பத்து.
சாயங்காலம் பாறையில் ஏறும்போது
அவர் கணக்கில் நாற்பது, என் கணக்கில் தொண்ணூறு.
கீழே கட்டுமரத்துக்குப் பக்கத்தில் ஒரு பையன்
செருப்பில்லாமல் ஓடினான்.
வாயைப் பொத்திக்கொண்டேன். அதற்கும் பத்து.

ஏழு மணிக்கு விளித்தோம்.
"அம்மா, மாமா புட்டு அவிக்காரு, வைக்கட்டா?"
வைத்துவிட்டாள்.
போன் இருண்டு, எங்கள் ரெண்டு முகமும் அதில் தெரிகிறவரை
பார்த்துக்கொண்டிருந்தோம்.
"ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல பாத்தீங்களா" என்றேன்.
"பத்து" என்றார்.
தொண்டை அடைத்திருந்தது அவருக்கு.

மூன்று மணிக்கு விழித்துவிட்டார்.
தலைமாட்டில் கை துழாவுகிறது,
நெற்றியில் கட்டும் லைட்டைத் தேடி.
நேரம் வெளுக்கல்ல, கெடங்க என்றேன்.
ரப்பர் இல்லாத மாசம் செங்கல்சூளை,
எப்படியும் மூணு மணிக்குப் போகிற ஆள்.
அவர் எழுந்த சூட்டில் பிள்ளைகள் வந்து சுருண்டுகொள்ளும்.
மூன்றரை மணிக்கு இவர் முகம் எப்படியிருக்கும் என்று
பதினோரு வருஷமாக எனக்குத் தெரியாது.
கலங்கரை விளக்கம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை
ஜன்னல் வழியாக எடுத்துக் காட்டியது.
கொஞ்சம் பேந்தப் பேந்த முழிக்கிற முகம்.

கையை எடுத்து மோந்து பார்த்தேன்.
ஒட்டுப்பால் நாற்றம் இல்லை.
லாட்ஜ் சோப்பு, கொஞ்சம் மீன்.
"அண்ணைக்கு சாம்பலும் புளியும் போட்டுத் தேச்சேன்" என்றார்.
எண்ணைக்கு?
"கெட்டு கழிஞ்ச அண்ணைக்கு. தோலு உரிய உரிய.
வெட்டு நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் போகல்ல.
அதாக்கும் ராத்திரி முழுக்க
ரெண்டு கையையும் தலையணைக்கு அடியில வச்சிருந்தேன்."

என்னைக் கண்டு பயம் என்றல்லவா
இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"பயமும் உண்டு" என்றார்.
வெளிச்சம் சுற்றிப் போயிருந்தது அப்போது.
அடுத்த சுற்று வருவதற்குள்
நான் நகர்ந்து படுத்துவிட்டேன், அந்தப் பக்கமாக.

பத்து மணிக்கு ரூம் காலி பண்ண வேண்டும்.
ஃபைன் காசில் மைனிக்குச் சாளை வாங்கினோம்.
திங்கள்நகரில் ஏறி உட்கார்ந்ததும்
பிள்ளைகளைப் பற்றியே பேசினோம், தக்கலை வரை,
ஒருத்தரும் எழுதி வைக்காமல்.
இடையில் அவர் நிறுத்தி
"பங்குனி கடைசியில தளிரு பிடிச்சிரும்" என்றார்,
வேறு யாரிடமோ சொல்வது போல.
கையை மடியில் வைத்திருந்தார், மலர்த்தி.
சாளைப் பை ஒழுகி
என் செருப்பு நனைந்துகொண்டிருந்தது.