நகல் கேட்ட மனு

சோஹார் கோர்ட்டில் விசாரணைக் கூடத்தின் கதவை
மூடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.
யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாமாம்.
அதனால் ஏ.சி. குளிர் வராந்தாவுக்கு ஒழுகி
நான் துடைத்த தரை சீக்கிரம் காய்வதில்லை.

இன்னாசியின் கேஸைக் கேட்டதும் அந்தக் கதவு வழியாகத்தான்.
மாப் கட்டையை ஊன்றி நின்றிருந்தேன்.
நீதிபதி நாலு நிமிஷம் வாசித்தார்.
அரபியில் எனக்குத் தெரிந்தது
தண்ணீர், சம்பளம், நாளைக்கு.
மூன்றும் அந்தத் தீர்ப்பில் வரவில்லை.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள்.
ஏறியது, நான் பார்த்தேன்.
இறங்கி வரத்தான் வழி இல்லை.

மணப்பாட்டிலிருந்து ரெஜினா
ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்:
"அவுக பெல்ட்டு மாட்டியிருந்தாவளா இல்லையான்னு
அதுல எழுதியிருக்கா?"
மாட்டவில்லை என்று கம்பெனி சொன்ன பேச்சு
கடல் தாண்டி
மகன் வகுப்பு வரைக்கும் போய்விட்டது.

அந்தச் சாரத்தில் நான் இல்லை. எனக்குத் தெரியாது.
ராத்திரி பெல்ட்டைக் கட்டில் கம்பியில் தொங்கவிடுவான்.
நாலரை மணிக்கு எடுக்கும்போது கொக்கி கிணுங்கும்.
அந்தச் சத்தத்தில்தான் எழுவேன்.
அன்றைக்கும் எழுந்தேன்.

கவுண்டரில் கல்ஃபான் நல்ல மனுஷன்.
படிவத்தை இந்தியில் விளக்கினான்:
வாதியா, பிரதிவாதியா, வாரிசா, வக்கீலா?
வாரிசு போட வேண்டிய கையெழுத்தை
கம்பெனி மந்தூப் எப்போதோ வாங்கிப் போய்விட்டான்.
எனக்குக் கட்டம் இல்லை.
"காது கேட்டதைக் கண் பார்க்கக் கூடாதா?" என்றேன்.
அவன் டீ வரவழைத்தான்.

வியாழன் சாயங்காலம் கோப்பு அறைச் சாவி என் கையில்,
தூசி தட்ட.
எழுத்து தெரியாது, எண் தெரியும்,
கார் நம்பர் பார்த்துப் பழகியது.
ஏழு ஒரு கிண்ணம். எட்டு கவிழ்த்த கிண்ணம்.
நம்ம பூஜ்யம் மாதிரி இருப்பது ஐந்து.
பூஜ்யம் வெறும் புள்ளி.
நம் எழுத்தில் புள்ளி வைத்தால்தான் மெய்.
இங்கே புள்ளி என்றால் ஒன்றுமில்லை.

மூன்றாவது தட்டில் இருந்தது. ஏழு, எட்டு, புள்ளி, ஐந்து.
ரெண்டு பரோட்டா கனம்கூட இல்லை.
ஃபோனை நீட்டினால் அதுவே தமிழில் சொல்லிவிடும்.
நீட்டினேன்.
காகிதத்தின் மேல் என் கட்டைவிரல் நிழல்.

திருடிப் பார்த்தால் அது நான் பார்த்தது, அவ்வளவுதான்.
சீல் வைத்து வந்தால்தான்
அவள் அதை வாத்தியார் மேஜையில் விரிக்க முடியும்.
தூசியை மட்டும் துடைத்தேன்,
அட்டையின் முதுகையும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு முன்னால்
யூனிஃபார்ம் மாட்டாமல்
கட்டம் போட்ட சட்டையில் வரிசையில் நின்றேன்.
கல்ஃபானுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.
நாலு கட்டத்துக்கும் கீழே
பேனாவால் நானே ஒன்று வரைந்திருந்தேன்.
பக்கத்தில் தமிழில்: கேட்டவன்.

"என்ன இது?"
எந்த மொழியில் சொல்ல?
அன்று காதால் கேட்டதும் அதுதான்,
இன்று வாய்விட்டுக் கேட்பதும் அதுதான்.
ரொம்ப நேரம் அந்தக் கோணல் கட்டத்தையே பார்த்தான்.
பிறகு பெறப்பட்டது என்று முத்திரை குத்தி,
மேலே கை காட்டி, உதட்டைப் பிதுக்கினான்.

ராத்திரி ரெஜினா கூப்பிட்டாள்.
"எழுதியிருக்கா?"
எழுதியிருக்கும்மா.
எழுதித்தான் வச்சிருக்காங்க.